ஒற்றை நாற்காலிப் பல் கிளினிக்கில் தொற்றுத் தடுப்பும் நோயாளி பாதுகாப்பும்

ஒன்றிரண்டு நாற்காலிகளும், இரண்டு உதவியாளர்களும், மாலை ஆறு மணிக்கு மேல் நிரம்பி வழியும் காத்திருப்பு அறையும் கொண்ட சிறு நகரப் பல் கிளினிக்குகளை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பெரிய மருத்துவமனைகளில் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யவே தனிப் பிரிவு இருக்கும். இங்கோ டோக்கன் கொடுப்பவரும், சக்‌ஷன் பிடிப்பவரும், கருவி கழுவுபவரும், கட்டணம் வாங்குபவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். விதிகள் தெரியாததால் நடக்கும் தவறுகளைவிட, நெரிசல் நேரத்தில் சரியான வழி நீளமாகவும் தவறான வழி கைக்கெட்டும் தூரத்திலும் இருப்பதால் நடக்கும் தவறுகளே அதிகம். ஆகவே கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை, முதல் நோயாளி வருவதற்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய ஏற்பாடுகள். ஏழரை மணிக்கு எட்டுப் பேர் வெளியே காத்திருக்கும்போது எந்த உதவியாளரும் புதிதாக யோசித்துச் செயல்பட மாட்டார். கையில் கிடைப்பதைத்தான் எடுப்பார். கையில் கிடைப்பது சரியானதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது மருத்துவரின் பொறுப்பு.

சலைன் பாட்டிலும் மருந்துக் குப்பியும்

கருவிகளை நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் தமிழ்நாட்டுப் பல் மருத்துவர்கள் சலைன் பாட்டிலிலிருந்து தொடங்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. 2023-ஐ ஒட்டிய மாதங்களில் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில், ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களில் 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியோய்டோசிஸ் என்ற தொற்று ஏற்பட்டு, அவர்களில் 8 பேர் இறந்தனர். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகத்தில் ஒரு பக்கம் செயலிழத்தல் என்று அது வெளிப்பட்டது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னை நிறுவனமும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் இணைந்து நடத்திய விசாரணையின் முடிவுகள் 2025-இல் வெளிவந்தன. ஈறை எலும்பிலிருந்து விலக்கும் பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்ற கருவியைச் சரியாகக் கிருமி நீக்கம் செய்யாமல், அதனால் சலைன் பாட்டிலைத் திறந்து, அதைத் தளர்வாக மூடி வைத்து, அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியதே காரணம் என்று அதில் சொல்லப்பட்டது. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா, பாட்டிலுக்குள் போய், அங்கிருந்து வாய்க்குள் இருந்த காயங்களை அடைந்திருக்கிறது.

சலைன் என்பது உப்பும் நீரும் மட்டுமே. கிருமிகளைத் தடுக்கும் பொருள் எதுவும் அதில் கிடையாது. மூடி திறந்த நொடியிலிருந்து அது கிருமியற்ற தன்மையை இழக்கத் தொடங்குகிறது. 500 மி.லி. பாட்டிலை வாங்கி, மூடியின் நடுவே பருமனான ஊசி ஒன்றைக் குத்தி நிரந்தரமாக நிறுத்திவைத்து, நாள் முழுவதும் அதிலிருந்து உறிஞ்சிக்கொள்வது பல இடங்களில் காணப்படும் பழக்கம். அந்த ஊசியின் வழியே அறைக்காற்றும், உதவியாளரின் கையுறையில் இருந்ததும் பாட்டிலுக்குள் சென்றுகொண்டே இருக்கும். இதை நிறுத்த ஒரே நம்பகமான வழி, 100 மி.லி. பாட்டில்களை மொத்தமாக வாங்கி, அறுவைச் சிகிச்சை ஒன்றுக்கு ஒன்று என்று வைத்து, மிச்சத்தை அன்றே, அப்போதே கொட்டிவிடுவதுதான். மிச்சத்தைக் கொட்ட மனம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன்: கிளினிக்கில் ஒரு நாளைக்குப் போடும் பஞ்சின் செலவைவிட இது பெரிய செலவு அன்று.

திறக்கும் முறையும் முக்கியம். கைகளைச் சுத்தம் செய்துவிட்டு, பாட்டிலின் கழுத்தையும் மூடியையும் ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, அது உலரும் வரை காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே திறந்தால் துடைத்ததில் பாதிப் பயன் இல்லை. மூடியைக் கையால் திருகியோ, முறித்தோ திறக்கலாம், அல்லது பிரித்தெடுத்த புதிய ஊசியால் மூடியைத் துளைத்து எடுக்கலாம். ட்ரேயில் இருக்கும் எந்தக் கருவியாலும் நெம்பக் கூடாது. பிறகு தேவையான அளவைக் கிருமி நீக்கப்பட்ட கிண்ணத்தில் ஊற்றி, அந்தக் கிண்ணத்திலிருந்து சிரிஞ்சை நிரப்பிக்கொள்ள வேண்டும். வாய்க்குள் போய் வந்த சிரிஞ்சு கிண்ணத்துக்குத் திரும்பலாம். கிண்ணம் அந்த நோயாளிக்கு மட்டுமே உரியது. பாட்டிலுக்கு அந்தச் சிரிஞ்சு ஒருபோதும் திரும்பக் கூடாது.

இதே எச்சரிக்கை, மரத்துப் போகச் செய்யும் லிக்னோகெய்ன் மருந்தின் 30 மி.லி. குப்பிக்கும் பொருந்தும். ஒரு நோயாளிக்கு ஒன்று என்ற 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் இருந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் நம் ஊர்களில் பலரும் அட்ரினலின் கலந்த பெரிய குப்பியைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஊசி போட்ட பிறகு இன்னும் மரத்துப் போகவில்லை என்று நோயாளி சொல்லும் அந்தக் கணம்தான் ஆபத்தானது: அதே சிரிஞ்சோடு கை குப்பியை நோக்கிப் போகும். ஊசியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது போதாது, சிரிஞ்சின் உள்ளேயும் ரத்தம் பின்வாங்கியிருக்கும். குப்பியை நாற்காலிக்கு அருகில் வைக்காமல் தனி மேசையில் வைப்பது, ஒவ்வொரு முறையும் புதிய சிரிஞ்சும் புதிய ஊசியும் கொண்டு எடுப்பது, குப்பியின் ரப்பர் மூடியை ஒவ்வொரு முறையும் துடைப்பது, திறந்த தேதியைக் குப்பியின் மேலேயே எழுதுவது, உற்பத்தியாளர் வேறு கெடு சொல்லாவிட்டால் 28 நாட்களில் எறிந்துவிடுவது ஆகிய இவ்வளவும் சேர்ந்தால்தான் பொதுக்குப்பி ஓரளவு பாதுகாப்பானது. அமெரிக்காவின் துல்சா நகரில் 2013-இல் ஒரு பல் கிளினிக்கின் நோயாளிகள் சுமார் 7,000 பேரை ரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டிவந்தது. அங்கே கண்டறியப்பட்ட குறைகளில் பொதுக்குப்பிப் பழக்கமும் ஒன்று. ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்கு ஹெபடைடிஸ் சி பரவியது அங்கே மரபணுச் சோதனையால் உறுதியானது.

நாற்காலியின் நீர்

பல்லைத் துளைக்கும் ஏரோட்டரிலும் காரையைச் சுரண்டும் ஸ்கேலரிலும் வரும் நீர், மெல்லிய நீண்ட குழாய்களின் வழியே வருகிறது. இரவெல்லாம் அசையாமல் நிற்கும் அந்த நீரில் குழாயின் உட்சுவரோடு ஒட்டிய வழுவழுப்பான கிருமிப் படலம் வளர்கிறது. நல்ல குடிநீரை நிரப்பினாலும் படலம் வளரும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2015-இலும், கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் 2016-இலும், பால்பற்களுக்கு நரம்புச் சிகிச்சை செய்யும்போது பயன்படுத்திய இத்தகைய நீரால் குழந்தைகளின் தாடை எலும்பில் மைக்கோபாக்டீரியத் தொற்று ஏற்பட்டது. இத்தாலியில் 2011-இல் 82 வயதுப் பெண் ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியாவால் இறந்தார். அவர் சென்ற பல் கிளினிக்கின் நாற்காலி நீரிலும் அதே கிருமி கிடைத்தது. சாதாரணச் சிகிச்சைக்கு ஒரு மி.லி. நீரில் பாக்டீரியாக் கூட்டங்கள் 500-ஐத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு.

செய்ய வேண்டியது கடினமானதன்று. காலையில் எல்லாக் குழாய்களையும் இரண்டு நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு 20 முதல் 30 விநாடியும் நீரை ஓட விட வேண்டும். இந்தப் பின்னைய ஓட்டம், முந்தைய நோயாளியின் வாயிலிருந்து உறிஞ்சப்பட்டதை வெளியேற்றுவதற்காகவே. படலத்தை அது நீக்காது. படலத்துக்கு, நாற்காலி உற்பத்தியாளர் அனுமதிக்கும் மருந்தை அவர் சொல்லும் இடைவெளியில் குழாய்களில் செலுத்தியே ஆக வேண்டும். தனி நீர்ப் புட்டி உள்ள நாற்காலியானால், மாலையில் புட்டியைக் கழற்றிக் கவிழ்த்து உலர்த்தி, குழாய்களைக் காற்றால் ஊதி வெறுமையாக்கிவிட்டுப் போவது நல்லது. மாடித் தொட்டி நீரை நேரடியாக நாற்காலிக்கு இணைத்திருப்பவர்கள் முதலில் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பிறகு இதைப் படிக்கலாம். எலும்பை வெட்டும் எந்தச் சிகிச்சைக்கும், ஞானப்பல் எடுப்பதாக இருந்தாலும் இம்ப்ளான்ட் வைப்பதாக இருந்தாலும், நாற்காலியின் நீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கூடாது. தனியாகக் கிருமி நீக்கப்பட்ட சலைனைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சலைவா எஜெக்டரைப் பற்றியும் ஒரு சொல். உமிழ்நீரை வெளியேற்றுவதற்காக, அதன் முனையை உதடுகளால் மூடி உறிஞ்சும்படி நோயாளியிடம் சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படி மூடும்போது குழாயில் இருப்பது பின்னோக்கி வாய்க்குள் திரும்பக்கூடும். அது முந்தைய நோயாளியுடையதாகவும் இருக்கலாம். அப்படிச் சொல்வதை இன்றோடு நிறுத்திவிடலாம், செலவில்லாத திருத்தம்.

கருவியின் பயணம்

பயன்படுத்திய ட்ரே நாற்காலியை விட்டுக் கிளம்பியதிலிருந்து மீண்டும் அலமாரிக்குத் திரும்பும் வரை ஒரே திசையில் நகர வேண்டும்: அழுக்குப் பகுதி, கழுவும் இடம், பொதியும் மேசை, ஆட்டோகிளேவ், அலமாரி. அறை சிறியதாக இருந்தால் மேசையின் நடுவே வண்ண நாடாவை ஒட்டி, இடப்பக்கம் அழுக்கு, வலப்பக்கம் சுத்தம் என்று பிரித்தாலே போதும். இந்தக் கோட்டைத் தாண்டி அழுக்குக் கருவி வலப்பக்கம் வருவதை யார் பார்த்தாலும் சொல்லலாம் என்ற உரிமை உதவியாளருக்கு வெளிப்படையாகத் தரப்பட வேண்டும்.

கழுவாத கருவியைக் கிருமி நீக்க முடியாது. உலர்ந்த ரத்தத்துக்கு அடியில் இருக்கும் கிருமியை நீராவி எட்டுவதில்லை. எனவே உலர விடாமல், என்சைம் கலந்த கரைசலில் போட்டு வைக்க வேண்டும். சலைனில் ஊற வைத்தால் எஃகு துருப்பிடிக்கும். அல்ட்ராசோனிக் கருவி இருந்தால் அதுவே சிறந்தது. கையால் தேய்ப்பதானால், பரிசோதனைக் கையுறையை விட்டுவிட்டுத் தடித்த ரப்பர் கையுறை, கண்ணாடி, ஏப்ரன் மூன்றும் அணிந்து, நீரின் மட்டத்துக்குக் கீழே பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸின் கீலும், எலிவேட்டரின் உட்குழிவும், ஸ்கேலர் முனையும்தான் அழுக்கு ஒளிந்துகொள்ளும் இடங்கள். பல் வேரின் உட்புறத்தைச் சுரண்டும் மெல்லிய வேர் சிகிச்சை ஃபைல்களின் திருகுகளை முழுமையாகச் சுத்தம் செய்வது எவ்வளவு கடினம் என்பதை ஒருமுறை பெரிதாக்கும் கண்ணாடியில் பார்த்தவர்கள், ஒரு நோயாளிக்கு ஒன்று என்ற முடிவுக்கே வருவார்கள்.

கழுவி, உலர்த்தி, ஒரு பக்கம் காகிதமும் மறுபக்கம் பிளாஸ்டிக்கும் கொண்ட பவுச்சில் இட்டு, தேதியும் ஆட்டோகிளேவ் சுற்றின் எண்ணும் எழுதிய பிறகே ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். பவுச்சுகளை அடுக்காமல் ஓரமாக நிறுத்தி, ஒன்றின் காகிதப் பக்கம் அடுத்ததன் பிளாஸ்டிக் பக்கத்தை நோக்குமாறு வைத்தால் நீராவி எல்லாவற்றுக்குள்ளும் போகும். நெரிசல் நாளில் பெட்டியைத் திணித்து நிரப்பும் ஆசை வரும். திணித்தால் நடுவில் இருக்கும் பவுச்சில் வெப்பம் சென்றதா என்று யாராலும் சொல்ல முடியாது. 121 டிகிரி செல்சியஸில் பொதியப்பட்ட கருவிகளுக்கு 30 நிமிடமும், 134 டிகிரியில் வெற்றிட வகை இயந்திரத்தில் குறைந்தது 3 முதல் 4 நிமிடமும் தங்க வேண்டும். இது வெப்பநிலை எட்டிய பிறகு கணக்கிடும் நேரம், சூடேறும் நேரம் இதில் சேராது. குக்கர் வகை ஆட்டோகிளேவ் வைத்திருப்பவர்கள் நீராவித் திருகைச் சில நிமிடம் திறந்து, உள்ளே இருக்கும் காற்று முழுவதும் வெளியேறி நீராவி சீராக வரத் தொடங்கிய பிறகே மூட வேண்டும். காற்று சிக்கியிருந்தால் அழுத்தமானி 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே வெப்பம் குறைவாகவே இருக்கும். முடிவில் ஈரமாக வெளிவரும் பவுச் கிருமி நீக்கப்பட்டதாகக் கொள்ளத் தகாது.

ஏரோட்டர் கைப்பிடி தனிக் கவனம் கேட்கிறது. உள்ளே துளையும் சக்கரமும் கொண்ட அது, நிற்கும்போது நோயாளியின் எச்சிலை உள்ளே உறிஞ்சும். வெளியே ஸ்பிரிட்டால் துடைத்து அடுத்த நோயாளிக்குப் போடுவதுதான் நம் ஊர்க் கிளினிக்குகளில் மிகப் பரவலான தவறு. பயன்படுத்தி முடித்ததும் நீரோடு 20 விநாடி ஓட்டி, கழற்றி, வெளிப்புறத்தைக் கழுவி, உற்பத்தியாளர் சொன்ன எண்ணெயை விட்டு, மிச்ச எண்ணெயை ஊதி வெளியேற்றி, பவுச்சில் இட்டு ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். உள்ளே குழல் உள்ள கருவி என்பதால், காற்றை முதலில் வெற்றிடமாக்கும் பி வகை ஆட்டோகிளேவே இதற்கு உரியது. இதற்கு எத்தனை கைப்பிடி வேண்டும் என்பது எளிய கணக்கு. கழுவி, பொதிந்து, சுற்று முடிந்து, குளிர்ந்து திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் நான்கு பேருக்கு டிரில் செய்கிறீர்கள் என்றால் ஐந்து கைப்பிடியாவது இருக்க வேண்டும். ஒரே ஒரு கைப்பிடியும் நல்ல மனமும் வைத்துக்கொண்டு மாலை நெரிசலைக் கடக்க முடியாது. புதிய நாற்காலி வாங்க வங்கிக் கடன் எடுக்கும் முன் கைப்பிடிகளின் எண்ணிக்கையை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கிருமி நீக்கம் நடந்ததா என்பதை நம்பிக்கையால் அறிய முடியாது. பவுச்சின் மேல் நிறம் மாறும் பட்டை, அது வெப்பத்தைப் பார்த்தது என்பதை மட்டுமே சொல்லும். வாரம் ஒருமுறை, வெப்பத்தை எளிதில் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொண்ட குப்பி ஒன்றைச் சுமையின் நடுவில் வைத்து ஓட்டி, சூடேற்றாத இன்னொரு குப்பியோடு சேர்த்து இன்குபேட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். சூடேற்றாதது நிறம் மாறி, சூடேற்றியது மாறாமல் இருந்தால் இயந்திரம் வேலை செய்கிறது. பொதுவாகக் கிடைக்கும் குப்பிகளில் ஊதா மஞ்சளாகும். இரண்டும் மாறாமல் இருந்தால் மகிழ வேண்டாம், சோதனைக் குப்பியே கெட்டுப்போனது என்று பொருள். சுற்றின் எண், தேதி, வெப்பநிலை, சோதனை முடிவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். ஏதேனும் ஒரு நாள் சோதனை தவறினால், எந்தெந்த பவுச்சுகளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று அந்த நோட்டு மட்டுமே சொல்லும்.

புற ஊதா பெட்டி கருவிகளைச் சேமித்து வைப்பதற்கு மட்டுமே உதவும். பொதியாத கருவியை அதில் போட்டு எடுத்தால் கிருமி நீங்காது. கொதிக்கும் நீர் வித்துகளைக் கொல்வதில்லை. 2 சதவீத குளுட்டரால்டிஹைடில் 20 நிமிடம் வைப்பது உயர்நிலைக் கிருமிக் குறைப்பு மட்டுமே. வித்துகள் சாகப் பத்து மணி நேரம் ஆகும், கைப்பிடியை அதில் போடவே கூடாது. ஃபைல் முனையை நுழைத்து எடுக்கும், சூடான கண்ணாடி மணிகள் நிரப்பிய பெட்டியும் ஆட்டோகிளேவுக்கு மாற்றாகாது.

கை, மேசை, கைப்பேசி

ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும், கையுறையைக் கழற்றிய பிறகும் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும்: ஆல்கஹால் கரைசலானால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் நீரும் ஆனால் 40 முதல் 60 விநாடி. கையுறை அணிந்த கையோடு தொடக்கூடாத பொருள்களில் முதலிடம் கைப்பேசிக்கு. சிகிச்சையின் நடுவே மணி அடிக்கும், கை தானாகப் போகும்; அதனால் சிகிச்சை அறைக்கு வெளியே ஓர் ஆணியில் பையை மாட்டி, உள்ளே நுழையும் எல்லோருடைய கைப்பேசியும் அதில் போக வேண்டும் என்ற வழக்கம் வைப்பது எளிது.

கை தொட்டே தீரும் விளக்குப் பிடி, மூவழிச் சிரிஞ்சு, நாற்காலிப் பொத்தான், எக்ஸ்ரே கருவியின் தலை ஆகியவற்றை மெல்லிய பிளாஸ்டிக் உறையால் மூடி, ஒவ்வொரு நோயாளிக்கும் மாற்றலாம். மூடாத பரப்புகளுக்குத் துடைக்கும் மருந்து. அது அட்டையில் சொன்ன நேரம் ஈரமாகவே இருக்க வேண்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பிலும் ஏழு நாட்கள் வரை உயிரோடு இருக்கும் என்பதை நினைத்தால் காய்வதற்கு முன் துடைத்துவிட்டு ஓடும் அவசரம் குறையும். ரத்தம் சிந்தினால் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். கடையில் கிடைக்கும் 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து அன்றன்று தயாரிப்பதே சரி. பல் கட்ட எடுக்கும் அளவு அச்சுகளையும் நீரில் அலசி, இதே வகைக் கரைசலைத் தெளித்து வைத்த பிறகே லேப்புக்கு அனுப்ப வேண்டும்.

ஊசியும் கழிவும்

ஊசியின் மூடியை இரு கைகளால் மாட்டுவது பல ஊசிக் குத்துகளுக்குக் காரணம். மூடியை மேசையில் கிடத்தி, ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைத்து அள்ளித் தூக்குவதுதான் பாதுகாப்பான முறை. அதற்கும் மேலாக, ஊசி வெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டால் மூட வேண்டிய அவசியமே வராது. குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, நோயாளியின் நிலையைத் தெரிந்துகொண்டு, உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது, 72 மணி நேரத்துக்குப் பிறகு பயனில்லை, தொடங்கினால் 28 நாட்கள் முடிக்க வேண்டும். பணியில் சேரும் ஒவ்வோர் உதவியாளருக்கும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதங்களில் போடப்பட்டு, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புத் திறன் அளவும் பார்க்கப்பட வேண்டும். தொடங்கிய தடுப்பூசியை முடிக்காமல் வேலை மாறும் பெண்கள் பலர். அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டால் அடுத்த இடத்தில் தொடரலாம்.

உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், 2016-இன்படி ரத்தம் தோய்ந்த பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பையில், கையுறையும் குழாயும் ஊசியில்லா சிரிஞ்சும் சிவப்பில், கூர்மையானவை துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிக் குப்பிகள் நீலத்தில் போக வேண்டும். மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பாதரச அடைப்பு உள்ள பல்லை எரிக்க அனுப்புவது தவறு, பாதரசம் ஆவியாகும். அதைத் தனியே மூடிய குப்பியில் சேர்க்க வேண்டும்.

நோயாளியிடம் கேட்பது

தொற்றைப் போலவே நோயாளியைக் காயப்படுத்தும் மற்றவையும் இருக்கின்றன. “ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால் பலரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், பத்து வருடமாகச் சாப்பிடும் சர்க்கரை மாத்திரையை அவர்கள் மாத்திரையாகவே நினைப்பதில்லை. எனவே ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா, இதயத்தில் ஸ்டென்ட் அல்லது வால்வு வைத்திருக்கிறதா, எலும்புத் தேய்மானத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஊசி போடுகிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, கர்ப்பமா. அந்த ஆண்டு ஊசியை யாரும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்வதில்லை, ஆனால் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதற்கு அது காரணமாகலாம். ரத்தத்தை லேசாக்கும் மாத்திரையைப் பல் மருத்துவர் தானாக நிறுத்தச் சொல்லக் கூடாது. இதய மருத்துவரிடம் கேட்டு, வார்ஃபரின் என்ற மாத்திரையானால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையின் சமீபத்திய முடிவைப் பார்த்து, முடிவு எடுக்க வேண்டும். செயற்கை வால்வு உள்ள பெரியவருக்கு ஈறில் ரத்தம் வரும் சிகிச்சைக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பாக, ஒவ்வாமை இல்லையெனில், 2 கிராம் அமாக்சிசிலின் கொடுப்பது வழக்கம். ரத்த அழுத்தம் 180-க்கு 110-ஐத் தாண்டியிருந்தால் அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டும். ஊசி போடும் முன் சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்துவிட்டு, மயங்கி விழுந்தவருக்கு குளுக்கோஸ் தேடுவது நம் கிளினிக்குகளில் அடிக்கடி காணும் காட்சி.

பிடுங்க வேண்டிய பல் எது என்பதில் தவறு நேரும்போது, அடிக்கடி காரணமாவது இடம் வலம் குழம்புவதே. நமக்கு எதிரே அமர்ந்தவரின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். கேஸ் ஷீட்டில் உள்ள எண்ணை, எக்ஸ்ரேவை, நோயாளியின் விரல் காட்டும் இடத்தை மூன்றையும் ஒத்துப் பார்த்து, “வலது கீழ் ஆறாவது பல், எண் 46” என்று வாய்விட்டுச் சொல்லி உதவியாளர் ஆமோதித்த பிறகே ஃபோர்செப்ஸைத் தொட வேண்டும். வரிசைப் பற்களைச் சீரமைக்கப் பிடுங்கும்போது இது இரட்டிப்பு முக்கியம், அங்கே எல்லாப் பல்லும் ஆரோக்கியமாகவே இருக்கும்; கண்ணுக்குச் சொத்தை என்ற அடையாளம் கிடைக்காது.

வேர் சிகிச்சைக்குரிய ஹைப்போகுளோரைட் பார்ப்பதற்குச் சலைனைப் போலவும், மரத்துப் போகும் மருந்தைப் போலவும் இருக்கும். சிரிஞ்சில் ஏற்றி ட்ரேயில் வைத்துவிட்டால் மூன்றும் ஒன்றே. திசுக்களுக்குள் அதைச் செலுத்தினால் திசு வெந்துபோய், முகம் வீங்கி, கடும் வலி எடுக்கும். எனவே அதற்கு வேறு அளவு சிரிஞ்சு, அதில் கண்ணுக்குத் தெரியும் வண்ண ஒட்டு, தேவைப்படும் நேரத்தில் மட்டும் ஏற்றுதல், பக்கவாட்டுத் துளை ஊசி, வேர் நுனிக்குக் குறைந்தது 2 மி.மீ. முன்பாகவே நிறுத்துதல் என்று விதி வகுக்க வேண்டும். சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டேம் என்ற விரிப்பைக் கட்டினால் அந்தக் கரைசல் தொண்டைக்கும் போகாது, நழுவும் ஃபைலும் விழுங்கப்படாது. டேம் கட்டாமல் ஃபைல் பிடிப்பவர்கள் அதன் பிடியில் நூலைக் கட்டி வாய்க்கு வெளியே தொங்கவிடுவதாவது செய்ய வேண்டும்.

அவசர மருந்துப் பெட்டி நாற்காலியிலிருந்து இரண்டு அடிக்குள், பூட்டாத இழுப்பறையில் இருக்க வேண்டும். ஆக்சிஜன், அட்ரினலின், அஸ்பிரின், நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, ஆஸ்துமா இழுப்பு மருந்து, சர்க்கரை ஆகியவை குறைந்தபட்சத் தேவை. கடும் ஒவ்வாமையில் பெரியவருக்கு ஆயிரத்துக்கு ஒன்று செறிவுள்ள அட்ரினலின் 0.5 மி.லி.யைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டுவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும்; யார் ஊசி போடுவது, யார் அழைப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தால்தான் அந்த நிமிடத்தில் இருவரும் ஒரே வேலையைச் செய்யாமல் இருப்பார்கள். மாதத்தின் முதல் வேலை நாளில் காலை கதவைத் திறந்ததும் உதவியாளர் இந்தப் பெட்டியின் காலாவதித் தேதிகளையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்து, பெட்டியின் மூடியில் தேதியும் கையெழுத்தும் இட வேண்டும்.